ரெய்டு 5: ரீபில்ட் 61 சதவீதத்தில் நின்று இரண்டாவது டிஸ்க்கும் வெளியே போய்விட்டது, இனி எதைத் தொடலாம்?

குடமும்உடுக்கையும் | சனி, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் இருந்து எழுதுகிறேன். அப்பா முப்பது வருடமாகக் கோயில் கொடைத் திருவிழாக்களில் பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் சுமார் 640, கூடவே மினிடிவி (கேம்கார்டர் டேப்) வீடியோக்கள், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். மொத்தம் 3.4 டிபி வரும். பாதி கேசட்டில் இப்போது பூஞ்சை பிடித்துவிட்டது, திரும்ப ஓட்டினால் ஹெட்டில்தான் ஒட்டும். அதாவது இதுதான் ஒரே பிரதி.

2 டிபி டிஸ்க் நான்கு, உபுண்டு 18.04, எம்டிஅட்ம் (லினக்ஸில் ரெய்டு அமைக்கும் கருவி) போட்ட ரெய்டு 5, அதாவது நான்கும் ஒரே அரேயாக (தொகுப்பாக) ஓடும், ஒன்று போனாலும் மற்ற மூன்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கலாம். மேலே இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். போன வியாழக்கிழமை தற்செயலாக எம்டிஸ்டாட் (அரேயின் நிலையைக் காட்டுவது) பார்த்தேன், நான்கில் மூன்றுதான் ஓடுகிறது என்று காட்டியது. மூன்றாம் டிஸ்க் எப்போது போனது என்றே தெரியவில்லை. புது டிஸ்க் வாங்கி ஆட் கொடுத்தேன், ரீபில்ட் (போன டிஸ்க்கின் பங்கைக் கணக்கிட்டுப் புதியதில் எழுதுவது) ஓடியது, நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் 61 சதவீதத்தில் நிற்கிறது, இரண்டாம் டிஸ்க்கும் ஃபெயில் என்று வருகிறது, எந்தக் கோப்பைத் திறந்தாலும் இன்புட் அவுட்புட் எரர்.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். "பழையபடியே நாலு டிஸ்க்கையும் வைத்து கிரியேட் கொடுங்க, தானா சிங்க் ஆயிடும்" என்றார்கள். கை நடுங்கியது, செய்யவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

செக்டர்63 | சனி, இரவு 11.05

அணைத்தது நல்லது தம்பி. அப்படியே இருக்கட்டும்.

கிரியேட் மட்டும் வேண்டாம். நான்கு டிஸ்க்கையும் வைத்துக் கிரியேட் கொடுத்தால் சிங்க் ஆவது உண்மைதான், ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு என்பதுதான் விஷயம். புதிதாக உருவாக்கும் ரெய்டு 5 ஒரு டிஸ்க்கை மற்ற மூன்றிலிருந்து கணக்குப் போட்டு மேலெழுதும். அந்த மூன்றில் ஒன்று பழைய தகவலோடு நிற்கிற உங்கள் மூன்றாம் டிஸ்க்காக இருந்தால், நல்ல டிஸ்க் மேல் குப்பை விழும்.

நாளை பகலில், பதறாமல் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் எந்த சாட்டா போர்ட்டில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்ப வேண்டாம், ஒரு ரீபூட்டில் மாறிவிடும். அப்புறம் சிஸ்டம்ரெஸ்க்யூ மாதிரி ஒரு லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, ஐந்து டிஸ்க்கிலும் எம்டிஅட்ம் எக்ஸாமின் (டிஸ்க்கில் இருக்கும் ரெய்டு குறிப்பைக் காட்டும் கட்டளை) ஓடவிட்டு வெளியீட்டைப் போடுங்கள். கூடவே ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 5, 197, 198, 199 என்ற நான்கு வரிகள். இவை எல்லாம் படிப்பது மட்டும்தான், எதையும் எழுதாது. லைவ் யுஎஸ்பி தானாகவே அரேயை அசெம்பிள் செய்ய (டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஓட்ட) முயன்றால் முதலில் ஸ்டாப் கொடுங்கள்.

பாளைசர்வர் | சனி, இரவு 11.30

அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் கிரியேட்டோடு அஸ்யூம் க்ளீன் (எல்லாம் சரியாகவே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் தேர்வு) சேர்த்தால் சிங்க்கே ஓடாதே. நான் இரண்டு முறை அப்படி மீட்டிருக்கிறேன், பத்து நிமிட வேலை.

ஈரநிலம் | ஞாயிறு, காலை 6.15

இரவெல்லாம் இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அஸ்யூம் க்ளீன் போட்டு நான் பட்டது இது.

2012 வாக்கில் உருவாக்கிய அரே. சில வருடம் கழித்து அதே பிரச்சினை வந்தபோது புதிய உபுண்டுவில் பூட் செய்து கிரியேட், அஸ்யூம் க்ளீன் கொடுத்தேன். மவுண்ட் ஆகவில்லை. டிஸ்க் வரிசை தப்பு என்று நினைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தேன், நான்கு டிஸ்க்குக்கு 24 வரிசை இருக்கிறது, பதினொன்று முயன்றிருப்பேன். எதுவும் வரவில்லை. காரணம் வரிசையே அல்ல. பழைய எம்டிஅட்ம் தகவலை டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 1 எம்பி தள்ளி ஆரம்பித்தது, புதியது 128 எம்பி தள்ளி ஆரம்பிக்கிறது. சங்க் (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் துண்டு) அளவும் அப்படித்தான், ஒரு காலத்தில் 64 கேபி, பின்னால் 512 கேபி. நான் கிரியேட் கொடுத்த நொடியே பழைய சூப்பர்பிளாக் (டிஸ்க்கில் இருக்கும் ரெய்டு குறிப்பு) அழிந்துவிட்டது, அதில்தான் இந்த எண்கள் எல்லாம் எழுதியிருந்தன. எக்ஸாமின் வெளியீட்டை ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. நான்கு நாள் தேடி, டேட்டா ஆஃப்செட்டை (அந்தத் தள்ளல் அளவை) கையால் கொடுத்து ஒருவழியாக வந்தது. அந்த நான்கு நாளும் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

அதனால் பாளைசர்வர், உங்களுக்கு இரண்டு முறை நடந்தது என்றால் அரேயும் எம்டிஅட்மும் ஒரே காலத்தவை என்று அர்த்தம். எல்லோருக்கும் அப்படி அமையாது.

குடமும்உடுக்கையும் | ஞாயிறு, மதியம் 1.20

அண்ணாச்சி, சொன்னபடி செய்துவிட்டேன். சுருக்கமாகத் தருகிறேன், முழு வெளியீட்டையும் இணைத்திருக்கிறேன்.

ஈவென்ட் எண்: 1-ஆம் டிஸ்க் 48217, 2-ஆம் டிஸ்க் 48209, 3-ஆம் டிஸ்க் 31064, 4-ஆம் டிஸ்க் 48217. புது டிஸ்க் ரீபில்ட் நடுவில் நிற்கிறது. 3-ஆம் டிஸ்க்கின் கடைசி அப்டேட் நேரம் மார்ச் 9. அதாவது இரண்டு மாதத்துக்கும் மேலாக மூன்று டிஸ்க்கில் ஓட்டியிருக்கிறேன். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஸ்மார்ட்: 1-இலும் 4-இலும் எல்லாம் பூஜ்யம். 2-இல் 197 என்ற வரியில் 72. 3-இல் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம், ஆனால் 199-இல் 1,846 என்று இருக்கிறது.

ஒன்று புரியவில்லை. 2-ஆம் டிஸ்க்கைக் கேட்டால் எல்லாம் நலமாக ஓடுகிறது என்கிறது. 1-ம் 4-ம் மட்டும் 2-ஆம் இடம் காலி என்கின்றன.

செக்டர்63 | ஞாயிறு, மதியம் 2.10

அது இயல்புதான். வெளியே தள்ளப்பட்ட டிஸ்க்கில் அதற்கு மேல் எதுவும் எழுத முடியாது, அதனால் தள்ளப்பட்ட செய்தியே அதற்குப் போய்ச் சேரவில்லை. மிச்சம் இருந்தவைதான் குறித்து வைத்தன. ஈவென்ட் எண் அந்தக் கணக்குக்காகத்தான் இருக்கிறது: அரேயில் ஏதாவது நடக்கும்போதெல்லாம் உயிரோடிருக்கும் எல்லா டிஸ்க்கிலும் அந்த எண் கூடும்.

இப்போது உங்கள் நிலைமையைச் சொல்கிறேன். நீங்கள் நினைத்ததை விட நன்றாக இருக்கிறது. 2-ஆம் டிஸ்க் வெறும் 8 ஈவென்ட்தான் பின்தங்கி இருக்கிறது. 1, 2, 4 மூன்றும் சேர்ந்தால் உங்கள் தகவல் முழுக்க இருக்கிறது. ரெய்டு 5-க்கு நான்கில் மூன்று போதும்.

3-ஆம் டிஸ்க்கைப் பற்றி. 199 என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகும்போது தகவல் சிதைந்த எண்ணிக்கை, பெரும்பாலும் சாட்டா கேபிள். தட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்று மற்ற மூன்று வரிகள் சொல்கின்றன. பாவம், அது நல்ல டிஸ்க். கேபிள் அதை வெளியே தள்ளியிருக்கிறது. பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

2-ஆம் டிஸ்க்தான் நோயாளி. 72 செக்டரை (டிஸ்க்கின் சிறு துண்டுகளை) படிக்க முடியாமல் நிலுவையில் வைத்திருக்கிறது. டெஸ்க்டாப் டிஸ்க்குகள் ஒரு செக்டர் படியவில்லை என்றால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும், சிலது ஒரு நிமிடத்துக்கு மேலும். லினக்ஸ் கெர்னல் 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வரவில்லை என்றால் லிங்க்கை ரீசெட் செய்யும், அப்போதும் டிஸ்க் வாய் திறக்கவில்லை என்றால் கணக்கிலிருந்தே எடுத்துவிடும். சில கிலோபைட் படியாததற்கு 2 டிபி டிஸ்க்கையே இழந்தது இப்படித்தான். டிமெஸ்ஸேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) ஹார்ட் ரீசெட்டிங் லிங்க் என்ற வரி இருக்கும் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது: 2-ஆம் டிஸ்க்கை அரேயில் வைத்து ஓட்டக்கூடாது. அதை இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்க வேண்டும், க்னு டிடிரெஸ்க்யூ வைத்து. முதல் சுற்றில் ஸ்க்ரேப் வேண்டாம் என்ற தேர்வோடு ஓட்டுங்கள், சிரமமான இடத்தைத் தாண்டிப் போய் சுலபமாகப் படிகிற எல்லாவற்றையும் முதலில் அள்ளிவிடும். இரண்டாம் சுற்றில் மிச்சத்தை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். மேப் ஃபைல் கட்டாயம், அதை வேறொரு பென்டிரைவில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அது இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். டிஸ்க் மேல் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள். யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

குடமும்உடுக்கையும் | ஞாயிறு, மதியம் 2.35

நகலுக்கு அந்தப் புது டிஸ்க்கையே பயன்படுத்தலாமா? ரீபில்ட்டில் பாதி எழுதியிருக்கிறது.

செக்டர்63 | ஞாயிறு, மதியம் 2.50

பயன்படுத்தலாம். அதில் இருக்கிற 61 சதவீதமும் 1, 2, 4-இலிருந்து கணக்கிட்டதுதான், திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒன்று, டிடிரெஸ்க்யூவில் மூலம் எது, இலக்கு எது என்பதை சீரியல் எண் பார்த்து மூன்று முறை சரிபார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். திருப்பிக் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது.

நகல் முடிந்ததும் பழைய 2-ஆம் டிஸ்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். இரண்டிலும் ஒரே அடையாளம் இருக்கும், எம்டிஅட்ம் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

கல்லிடை | ஞாயிறு, மாலை 5.00

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ரெய்டு 5 செத்துப்போய் வருடக்கணக்காகிறது என்று படித்தேன். டெஸ்க்டாப் டிஸ்க்கில் 10-இன் 14 மடி பிட்டுக்கு ஒரு பிழை வரலாம் என்று போட்டிருக்கும், அது 12.5 டிபி. இவருடைய ரீபில்ட்டில் மூன்று டிஸ்க், 6 டிபி படிக்க வேண்டும். பாதிக்குப் பாதி தோற்கும் என்றுதானே கணக்கு?

ஈரநிலம் | ஞாயிறு, மாலை 5.40

அது தயாரிப்பாளர் தரும் வெளி எல்லை, இதைத் தாண்டாது என்ற உறுதி. 12.5 டிபி படித்தால் ஒன்று வந்தே தீரும் என்று பொருள் அல்ல. என்னுடைய 16 டிபி அரே மாதம் ஒருமுறை முழுக்கப் படிக்கப்படுகிறது, பல வருடமாக ஒரு செக்டர் கூட தவறவில்லை.

இவருக்கு நடந்தது வேறு. எந்தக் கோப்பையும் தினமும் திறப்பதில்லை, எப்போதோ ஏற்றிய கேசட் அப்படியே கிடக்கிறது. டிஸ்க்கில் ஒரு மூலை எப்போது கெட்டது என்று யாருக்கும் தெரியாது, ரீபில்ட் வந்துதான் அந்த மூலையை முதன்முறையாகத் தொட்டது. இதற்காகத்தான் மாதாந்திர செக் (எல்லா டிஸ்க்கையும் முழுக்கப் படித்துப் பார்ப்பது) இருக்கிறது. உபுண்டு 18.04-இல் அது தானாகவே இருக்கும், மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி 12.57-க்கு. குடம் அண்ணே, உங்கள் மெஷின் அந்த நேரத்தில் ஓடுமா?

குடமும்உடுக்கையும் | ஞாயிறு, மாலை 6.05

ராத்திரி ஒன்பதுக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவேன். இந்த ரீபில்ட் ராத்திரியைத் தவிர ஒரு நாள்கூட அந்த நேரத்தில் ஓடியதில்லை.

ஈரநிலம் | ஞாயிறு, மாலை 6.10

அப்போது ஒரு முறைகூட செக் நடந்திருக்காது. விட்டுப்போனதைக் காலையில் தானாக ஓட்டவும் செய்யாது அது.

குடமும்உடுக்கையும் | திங்கள், இரவு 9.15

டிடிரெஸ்க்யூ முடிந்தது. முதல் சுற்று ஐந்து மணி நேரம், நொடிக்கு 110 எம்பி வீதம் சீராகப் போனது. 61 சதவீதம் தாண்டும்போது ஒரு இடத்தில் கிர்ர், கிர்ர் என்று சத்தம், வேகம் பூஜ்யத்துக்கு வந்தது, அப்புறம் தாண்டிக் குதித்துப் போய்விட்டது. கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாம் சுற்று மட்டும் மூன்று மணி நேரம் எடுத்தது. கடைசியில் மொத்தம் 2,000,398,934,016 பைட்டில் படிக்க முடியாமல் போனது 36,864 பைட்.

செக்டர்63 | திங்கள், இரவு 9.40

மிக நல்ல செய்தி. 36,864 என்றால் சரியாக 512 பைட் செக்டர் 72, ஸ்மார்ட் சொன்ன அதே எண். தட்டில் உள்ள உண்மையான செக்டர் 4,096 பைட், அப்படிப் பார்த்தால் ஒன்பதே ஒன்பது.

அசெம்பிள் செய்வதற்கு முன் ஓவர்லே போடுங்கள். ஃபோர்ஸ் கொடுத்தால் எம்டிஅட்ம் சூப்பர்பிளாக்கில் ஈவென்ட் எண்ணைத் திருத்தி எழுதும், அந்த எழுத்து உண்மையான டிஸ்க்கில் விழ வேண்டாம். ஓவியத்தின் மேல் டிரேசிங் பேப்பர் விரித்து அதில் வரைவது போலத்தான் இதுவும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 10 ஜிபி ஸ்பார்ஸ் ஃபைல் (எழுதிய அளவுக்கு மட்டும் இடம் பிடிக்கும் கோப்பு) ஒன்று, அதை லூப்பில் இணைத்து, டிஎம்செட்அப்பில் ஸ்னாப்ஷாட்டாக மேலே வையுங்கள். படிக்கும்போது டிஸ்க்கிலிருந்து வரும், எழுதுவது எல்லாம் அந்த ஃபைலில் போய்விடும். தப்பாகப் போனால் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

பிறகு 1, 2-இன் நகல், 4 ஆகிய மூன்றின் ஓவர்லேயை மட்டும் கொடுத்து அசெம்பிள் ஃபோர்ஸ் ரன். 3 வேண்டாம். அரே எழுந்ததும் ரீட் ஒன்லி, நோலோட் (ஃபைல் சிஸ்டம் தன் ஜர்னலிலிருந்து எதையும் எழுதாமல் தடுக்கும்) இரண்டும் சேர்த்து மவுண்ட். எஃப்எஸ்செக் (ஃபைல் சிஸ்டம் சோதனை) ஓட்ட வேண்டுமென்றால் -n என்ற தேர்வோடு மட்டும், திருத்த விடாதீர்கள்.

குடமும்உடுக்கையும் | செவ்வாய், அதிகாலை 12.50

வந்துவிட்டது.

எல்லா ஃபோல்டரும் இருக்கிறது. சுடலைமாடன், முத்தாரம்மன், இசக்கியம்மன் எல்லாம் அப்படியே. ஒன்றைத் திறந்தேன். 1988-இல் அப்பா பதிவு செய்த கொடை, வலத்தே பாடுகிறவர் இழுத்து நிறுத்துகிறார், இடத்தே இருந்து ஆமா என்று வாங்கிக்கொள்கிறார்கள், குடத்தின் அடி நெஞ்சில் விழுகிறது. அம்மா எழுந்து வந்துவிட்டாள். 4 டிபி யுஎஸ்பி டிஸ்க்குக்கு நகல் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி, என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

செக்டர்63 | செவ்வாய், காலை 7.30

மனசு நிறைந்தது தம்பி. ஆனால் இன்னும் முடியவில்லை, அந்த ஒன்பது செக்டர் எந்தக் கோப்பில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று இருக்கிறது. ஒன்பது செக்டர் போனால் ஒன்பது இடம்தான் கெடும் என்று நினைப்பார்கள். 3-ஆம் டிஸ்க் இல்லாததால் அதன் பங்கை 1, 2, 4-ஐ எக்ஸார் (பிட்டுக்குப் பிட் போடும் கணக்கு) செய்துதான் எடுக்கிறோம். 2-இல் ஒரு செக்டர் போனால் அதன் சொந்தத் தகவலும் போகும், அதே வரியில் 3-இல் இருக்க வேண்டிய தகவலும் சேர்ந்து போகும். இரண்டில் ஏதாவது ஒன்று பாரிட்டியாக (கோப்பின் தகவலாக இல்லாமல் மீட்புக்கான கணக்காக) இருந்தால் மட்டும் ஒரு இடத்தோடு தப்பிக்கும். ஆக 18 இடம் வரை போகலாம். கெட்ட இடத்தில் அடையாள எழுத்தை நிரப்பித் தேடும் வழி இருக்கிறது, ஆனால் 3-ஆம் டிஸ்க் பங்கில் அந்த எழுத்து எக்ஸாரில் கலைந்து போயிருக்கும், தேடினால் கிடைக்காது.

ஆடியோ எந்த ஃபார்மட்?

குடமும்உடுக்கையும் | செவ்வாய், காலை 8.00

எல்லாமே ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்), 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். வேவ்வாக வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி தாண்டுகிறது என்று மாற்றினேன்.

செக்டர்63 | செவ்வாய், காலை 8.10

மிக நல்ல முடிவு. ஒவ்வொரு ஃப்ளாக் கோப்புக்குள்ளும் அந்த ஒலியின் எம்டி5 (கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்) எழுதியிருக்கும். ஃப்ளாக் டெஸ்ட் ஓட்டுங்கள், ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும்.

குடமும்உடுக்கையும் | புதன், மாலை 4.30

ஓட்டிவிட்டேன். இரண்டு கோப்பில் மட்டும் எரர். இரண்டுமே 2019-இல் ஏற்றியவை, இரண்டுமே பூஞ்சை பிடித்த கேசட். ஒன்றில் 34-ஆவது நிமிடத்தில் டப் என்று ஒரு வெட்டு. வீடியோக்களை ஓட்டிப் பார்த்தவரை சரியாக இருக்கின்றன.

செக்டர்63 | புதன், மாலை 5.15

3-ஆம் டிஸ்க்கை எடுத்து வைக்கச் சொன்னேன் அல்லவா, அதற்கு இப்போதுதான் வேலை. அது மார்ச் 9-இல் நின்றுவிட்டது. ஆனால் 2019-இல் எழுதி, அதன் பிறகு யாரும் தொடாத இடங்களில் அதில் இருப்பது இன்றும் சரியான தகவல்தான். ஓவர்லேயை எல்லாம் புதிதாகப் போட்டு, இந்த முறை 1, 3, 4 மட்டும் வைத்து அசெம்பிள் ஃபோர்ஸ் கொடுங்கள். மார்ச்சுக்குப் பின் எழுதிய இடங்கள் எல்லாம் கலவையாக இருக்கும், அதை நம்பவே கூடாது. ரீட் ஒன்லியில் மவுண்ட் ஆனால் அந்த இரண்டு கோப்பை மட்டும் எடுத்து ஃப்ளாக் டெஸ்ட் செய்யுங்கள். 3-க்கு வேறு கேபிள் போட மறக்க வேண்டாம்.

பாளைசர்வர் | புதன், மாலை 5.50

இது எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை நான் சொன்னபடி கிரியேட் கொடுத்திருந்தால் எந்த டிஸ்க் எங்கே நின்றது என்ற ஈவென்ட் எண்ணே இருந்திருக்காது. அந்த ஆலோசனையைத் திரும்பப் பெறுகிறேன், யாரும் செய்ய வேண்டாம்.

குடமும்உடுக்கையும் | புதன், இரவு 8.20

இரண்டும் ஓகே. 34-ஆவது நிமிடத்தில் வெட்டு இல்லை, உடுக்கை தொடர்ந்து போகிறது.

இனி எப்படி வைப்பது? மறுபடி ரெய்டு 5 போடப் பயமாக இருக்கிறது.

ஈரநிலம் | புதன், இரவு 9.00

3.4 டிபிக்கு நான்கு டிஸ்க் தேவையே இல்லை அண்ணே. 8 டிபி இரண்டு வாங்கி மிரர் போடுங்கள், ஒன்று போனாலும் மற்றதைத் தனியாக எந்த லினக்ஸிலும் படிக்கலாம், எக்ஸார் கணக்கு எதுவும் வேண்டாம். வாங்கும்போது எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன் மேல் ஒன்று படியவைத்து எழுதும்) வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். நாஸுக்கென்றே (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்கென்றே) விற்ற டிஸ்க்கிலும் அது இருந்தது என்று 2020-இல் பெரிய சண்டையே நடந்தது, ரீபில்ட்டில் ஆமையாகிவிடும். இரண்டையும் வேறு வேறு கடையில் வாங்குங்கள்.

செக்டர்63 | புதன், இரவு 9.20

அதோடு எஸ்சிடிஇஆர்சி (படியாத செக்டரை டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்ற அமைப்பு) 70 என்று இரண்டு டிஸ்க்கிலும் வையுங்கள், அது பத்தில் ஒரு நொடிக் கணக்கு, 7 நொடியில் டிஸ்க் கையை விரித்துவிடும், எம்டி (கெர்னலின் ரெய்டு பகுதி) அடுத்த டிஸ்க்கிலிருந்து படித்துச் சரிசெய்யும். கரண்ட் அணைத்தால் மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் ஓட வேண்டும். டிஸ்க் அதை ஏற்கவில்லை என்றால் கெர்னலின் 30 நொடியை 180 ஆக்குங்கள். எம்டிஅட்ம் கான்ஃபில் மெயில் முகவரி எழுதி, மானிட்டர் டெஸ்ட் ஒருமுறை ஓட்டி, உண்மையிலேயே மெயில் வருகிறதா என்று பாருங்கள். செக்கை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றுங்கள். மிரரில் தப்பாக அழித்தது இரண்டு டிஸ்க்கிலும் அழியும், அதனால் அந்த 4 டிபி யுஎஸ்பி டிஸ்க் வேறு வீட்டில் இருக்கட்டும்.

குடமும்உடுக்கையும் | அடுத்த திங்கள், காலை 10.10

மிரர் நேற்று மாலை ஆரம்பித்தது, 14 மணி நேரத்தில் முடிந்தது. மெயில் வந்தது, தங்கச்சி முகவரியையும் சேர்த்திருக்கிறேன். யுஎஸ்பி டிஸ்க் அத்தை வீட்டு பீரோவில், தக்கலையில். மாதம் ஒருமுறை போய் புதுப்பிக்கிறேன்.

செக்டர்63 | அடுத்த திங்கள், காலை 10.25

அந்தப் பழைய கேபிள்?

குடமும்உடுக்கையும் | அடுத்த திங்கள், காலை 10.30

வெட்டித் தூரப் போட்டுவிட்டேன் அண்ணாச்சி.